ஆய்வுக்குப் புள்ளியியல், வரைபட மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"மேடம், எஸ்.பி.எஸ்.எஸ் போதுமா, ஆர் கத்துக்கணுமா?"

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த மாணவர்கள் பலர் இந்தக் கேள்வியோடுதான் என் மேசைக்கு வருவார்கள். இரண்டும் புள்ளியியல் மென்பொருட்கள்: முதலாவது சொடுக்கி வேலை செய்வது, இரண்டாவது கட்டளை எழுதி வேலை செய்வது. "தரவு ஷீட்டைத் திறங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதுதான் என் வழக்கமான பதில். ஷீட்டைத் திறந்த பிறகு அரை மணி நேரத்துக்கு மென்பொருளின் பேச்சே வராது. எந்த நெடுவரிசை என்ன, ஏன் சில கட்டங்கள் மஞ்சளாக இருக்கின்றன, மாதிரி எண்ணிக்கை உண்மையில் எத்தனை என்றே பேச்சு போகும்.

இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. மென்பொருட்களின் பெயர்கள் ஐந்தாம் படியில்தான் வரும். முதல் நான்கைத் தாண்டிக் குதித்தவர்கள், மதிப்பீட்டாளரின் கேள்விகள் வந்த நாளில் மறுபடி ஒன்றாம் படியில் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் ஆய்வுத் திட்டத்தின் நகல். உண்மையான தரவு இன்னும் வரவில்லை என்றால், அதே வடிவத்தில் நீங்களே தட்டிய பத்துப் பதினைந்து வரிசை மாதிரித் தரவு. உங்கள் ஆய்வைப் போன்ற, அண்மையில் வெளியான மூன்று கட்டுரைகள். கட்டுரையை அனுப்ப நினைக்கும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்குத் தந்திருக்கும் குறிப்புகள். இவற்றோடு ஒரு வார அவகாசம். தேர்வை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஆறாம் படிக்கு மட்டுமே இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

1. கேள்வியையும் சோதனை அலகையும் தாளில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து ஐந்து வரி எழுதுங்கள். எதை அளக்கிறீர்கள்? எத்தனை குழுக்கள்? ஒரே ஆளை, ஒரே செடியைத் திரும்பத் திரும்ப அளக்கிறீர்களா? கிடைப்பது எண்ணா, வகையா, தரவரிசையா? சோதனை அலகு எது?

கடைசிக் கேள்வியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஓர் உர ஆய்வை எடுத்துக்கொள்வோம். நான்கு உர அளவுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து தொட்டிகள், தொட்டிக்கு மூன்று செடிகள். கையில் 60 செடிகளின் உயரம் இருப்பதால் மாதிரி எண்ணிக்கை 60 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் உரம் போட்டது தொட்டிக்கு. ஒரே தொட்டியில் வளரும் மூன்று செடிகளுக்கும் மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, வெயில் ஒன்று. அலகு தொட்டி, எண்ணிக்கை 20. அதை 60 என்று கணக்கில் ஏற்றினால் பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) பொய்யாகச் சிறுத்துவிடும்.

இது மென்பொருள் தேர்வையும் நேரடியாகத் தீர்மானிக்கிறது. தொட்டிக்கு ஒரு சராசரி எடுத்து 20 எண்களை வைத்து அனோவா (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) செய்தால் எந்த மென்பொருளும் போதும். தொட்டிக்குள் செடிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் தக்கவைக்க வேண்டும் என்றால் கலப்பு மாதிரி (மிக்ஸட் மாடல்: தொட்டி, செடி என்ற இரு நிலை வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறை) தேவை. அது எக்செலில் கிடையாது. இந்த ஐந்து வரி எழுதாமல் மென்பொருள் வாங்கினால் தேவைக்குக் குறைவானதையோ, தேவையே இல்லாத பெரியதையோ வாங்குவீர்கள்.

2. தரவை எந்த மென்பொருளும் படிக்கும் வடிவுக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு வரிசை ஓர் அளவீடு, ஒரு நெடுவரிசை ஒரு மாறி. தலைப்பு ஒரே வரிசையில். இணைத்த கட்டங்கள் வேண்டாம். நடுவில் சராசரி வரிசைகள் வேண்டாம். ஒரே ஷீட்டில் மூன்று அட்டவணைகளை அடுக்க வேண்டாம்.

நிறத்தால் தகவல் சொல்லாதீர்கள். மஞ்சள் கட்டம் என்றால் 'கருவி பழுதான நாள்' என்று உங்களுக்குத் தெரியும், கோப்பை சி.எஸ்.வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்த உடன் அந்த நிறம் போய்விடும். 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசை வைத்து அதில் எழுதுங்கள்.

விடுபட்ட மதிப்புக்கு 0 போடுவதும் 999 போடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. 0 என்பது ஓர் அளவீடு. 999-ஐ விடுபட்டது என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்தால் அது சராசரிக்குள் புகுந்துகொள்ளும். கட்டத்தை வெறுமையாக விடுங்கள், காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

தரவைத் தட்டுவதற்கு எக்செல் நல்ல இடம்தான், தானாக மாற்றும் அதன் பழக்கத்தைக் கவனித்துக்கொண்டால். செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலை இணைப்பாகத் தந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததை 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மனித மரபணுப் பெயர்க்குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. மரபணு எண்ணோ, மாதிரிக் குறியீடோ, 3-4 போன்ற வயது வரம்போ இருந்தால், தட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். பிறகு மாற்றினால் பழைய மதிப்பு திரும்பாது.

தமிழில் பதிவான கணக்கெடுப்பு விடைகள் உள்ளவர்களுக்கு இன்னொன்று. சி.எஸ்.வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக மாறிப்போகலாம். எக்செலிலிருந்து சேமிக்கும்போது 'சி.எஸ்.வி யூ.டி.எஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும்போது 'டேட்டா' பட்டியல் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள்.

இந்தப் படியின் முடிவில் இரண்டு கோப்புகள் இருக்க வேண்டும்: தரவு ஒன்று, ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன, அதன் அலகு என்ன என்று விளக்கும் சிறு பட்டியல் ஒன்று. முதல் கோப்பைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டி வையுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில்தான்.

3. எந்தெந்தப் பகுப்பாய்வு தேவை என்று பட்டியல் போடுங்கள்

ஒதுக்கி வைத்த மூன்று கட்டுரைகளையும் எடுத்து முறைகள் பகுதியை மட்டும் படியுங்கள். என்ன சோதனை செய்திருக்கிறார்கள், என்ன வரைபடம் போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பயன்படுத்திய மென்பொருளை இப்போதைக்குக் குறிக்க வேண்டாம். அதைப் பார்த்த மாத்திரத்தில் மனம் முடிவெடுத்துவிடும்.

பட்டியலை 'கண்டிப்பாக வேண்டும்', 'வந்தால் நல்லது' என்று பிரியுங்கள். டி சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடுவது), அனோவா, கை வர்க்கச் சோதனை (கை-ஸ்கொயர்), எளிய ரிக்ரஷன் மட்டும் என்றால் எல்லா மென்பொருளும் செய்யும். மற்ற காரணங்களை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். கலப்பு மாதிரி, உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு, மருந்தளவு-விளைவு வளைவு, பேய்சியன் முறை, எக்ஸ்-கதிர் விளிம்புச்சிதறல் வரைவில் உச்சிகளைப் பொருத்துதல் ஆகியவற்றில் ஒன்று 'கண்டிப்பாக' என்ற பக்கம் வந்தால், களம் தானாகவே சுருங்கும்.

4. ஆள், பணம், கணினி

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பெரிய காரணி. உங்கள் ஆய்வகத்தில் நால்வர் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தவர்கள் என்றால், வேறு எதுவும் எவ்வளவு சிறந்தது என்றாலும் ஸ்டேட்டாவுக்கு முதல் இடம் கொடுங்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு பிழைச் செய்தி வரும்போது கேட்க ஓர் ஆள் இருப்பது அவ்வளவு பெரிய விஷயம். நெறியாளரிடமும் கேளுங்கள். அவர் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்க விரும்புகிறவரா, அச்சிட்ட அட்டவணையே போதும் என்பவரா என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும்.

பணத்தில் பார்க்க வேண்டியது விலையை விட உரிமம் முடியும் நாள். என்னிடம் வந்த ஒரு மாணவி, கட்டண மென்பொருள் ஒன்றின் இலவச முன்னோட்டக் காலத்துக்குள் எல்லா வரைபடங்களையும் போட்டு முடித்து, கட்டுரையையும் அனுப்பிவிட்டாள். நான்கு மாதம் கழித்து மதிப்பீட்டாளர் ஒரு வரைபடத்தில் ஒரு குழுவை நீக்கச் சொன்னார். கோப்பு இருந்தது, திருத்த வழி இல்லை. ஏழு வரைபடங்களையும் வேறொன்றில் முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. முனைவர் பட்டம் நான்கைந்து ஆண்டு, அதற்குப் பின் கட்டுரைத் திருத்தம் ஓராண்டு. அந்த மொத்தக் காலத்துக்கும் உரிமம் இருக்குமா என்று கணக்குப் போடுங்கள். கல்லூரி வழங்கும் உரிமம் என்றால், நீங்கள் வெளியேறிய மறுநாள் அது என்னவாகும் என்று நூலகத்திலோ கணினி மையத்திலோ கேட்டுவிடுங்கள்.

கிராக் செய்த பிரதியைத் தொடாதீர்கள். அதனுடன் கணினிக்குள் நுழையும் வைரஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டுரையின் முறைகள் பகுதியில் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் எழுத வேண்டும். உரிமம் இல்லாத ஒன்றின் பெயரை உங்கள் கையெழுத்தோடு அச்சில் ஏற்றுவதாகிவிடும். நல்ல இலவச மென்பொருட்கள் இத்தனை இருக்கும் காலத்தில் அதற்குத் தேவையே இல்லை.

கணினியைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: அடுத்த படியில் வரும் ஆரிஜின் என்ற வரைபட மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமானது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. இரண்டே இரண்டு பெயர்களுக்கு வாருங்கள்

இப்போது தேர்வுக்கு வரலாம். நான் சொல்வது என் அனுபவத்தில் எது யாருக்குப் பொருந்தியது என்பதை வைத்து.

நிரல் எழுதிப் பழக்கமே இல்லை, தேவைப்படுவது வழக்கமான சோதனைகள், பணமும் இல்லை என்றால் ஜமோவி அல்லது ஜாஸ்ப். இரண்டும் இலவசம், இரண்டும் சொடுக்கி வேலை செய்பவை. ஜமோவி உள்ளுக்குள் ஆரில் ஓடுகிறது; அமைப்பில் ஒரு தேர்வை மாற்றினால் நீங்கள் சொடுக்கியதற்கான ஆர் கட்டளையைக் காட்டும். பின்னால் ஆருக்குப் போக நினைப்பவர்களுக்கு இது நல்ல படிக்கட்டு. ஜாஸ்ப் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. பேய்சியன் முறை வேண்டுமானால் இதுதான் எளிது.

எஸ்.பி.எஸ்.எஸ் சமூக அறிவியல், செவிலியர், மேலாண்மைத் துறைகளில் பரவலாக இருக்கிறது. உங்கள் நிறுவனம் உரிமம் தந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு உரையாடல் பெட்டியிலும் 'ஓகே' அழுத்துவதற்குப் பதில் 'பேஸ்ட்' அழுத்துங்கள். கட்டளை ஒரு சின்டாக்ஸ் கோப்பில் விழும், அங்கிருந்து ஓட்டலாம். இதைச் செய்கிறவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியும். உரிமம் போய்விட்டால் பழைய கோப்புகளைத் திறக்க இலவசமான பி.எஸ்.பி.பி உதவும்.

மருந்தியல், உயிர்வேதியியல் ஆய்வகங்களுக்கு கிராஃப்பேட் பிரிசம். மருந்தளவு-விளைவு வளைவு பொருத்தி, அதையே அழகான வரைபடமாக எடுப்பதில் அது வேகமானது. புதியவர்கள் தடுமாறும் இடம் முதல் திரையே: எந்த வகைத் தரவு அட்டவணை என்று அது கேட்கும். அந்தத் தேர்வைப் பொறுத்துத்தான் பின்னால் எந்தச் சோதனைகள் தெரியும் என்பது. தேடும் சோதனை பட்டியலில் இல்லை என்றால் மென்பொருளைக் குறை சொல்லும் முன் அட்டவணை வகையைப் பாருங்கள். ஒன்றாம் படியில் எழுதிய ஐந்து வரி இங்கே கைகொடுக்கும்.

இயற்பியல், வேதியியல், பொருளறிவியல் என்றால் ஆரிஜின். பல அச்சுகள் கொண்ட வரைபடம், உச்சிகளைப் பொருத்துதல் ஆகியவற்றுக்கு அது கைவந்த கருவி. இலவச மாற்றாக லேப்பிளாட், சைடாவிஸ் இரண்டையும் பார்க்கலாம். பொருளாதாரம், பெரிய கணக்கெடுப்புகள், தொற்றுநோயியல் என்றால் ஸ்டேட்டா.

ஆர், பைத்தான் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளப் போகிறவர்களுக்கு ஆர் கற்பதுதான் என் பரிந்துரை. இலவசம், ஏறத்தாழ எல்லாப் பகுப்பாய்வுக்கும் தொகுப்பு (கூடுதலாக நிறுவும் கட்டளைத் திரட்டு) உண்டு, வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2-வில் போடும் வரைபடம் அச்சுக்கு அப்படியே போகும், எல்லாம் ஸ்கிரிப்ட்டில் இருப்பதால் தரவு மாறினால் மறுபடி ஓட்டினால் போதும். ஆனால் ஆய்வேடு சமர்ப்பிக்க மூன்று மாதமே இருக்கும்போது கற்கத் தொடங்காதீர்கள். அந்த நெருக்கடியில் தொடங்கியவர்கள் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை, என்ன செய்கிறது என்று தெரியாமலே ஒட்டியதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். முதலாண்டில் தொடங்குங்கள். படங்கள், உணரி அளவீடுகள் போன்றவற்றை ஏற்கெனவே பைத்தானில் கையாள்கிறவர்கள் அங்கேயே இருங்கள். அதன் தொகுப்புகளான பாண்டாஸ் (தரவு), ஸ்டேட்ஸ்மாடல்ஸ் (பகுப்பாய்வு), மாட்பிளாட்லிப் (வரைபடம்) போதும்.

எக்செலை மட்டும் வைத்து ஆய்வேட்டை முடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தட்டுவதற்கும் முதல் பார்வைக்கும் சரி. பகுப்பாய்வுக்கு வேண்டாம். சூத்திரங்கள் கட்டங்களுக்குள் ஒளிந்திருப்பதால் பிழை கண்ணில் படாது. ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்களின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. 2013-இல் ஒரு மாணவர் அந்த ஷீட்டைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்த பிறகுதான் அது வெளியே வந்தது.

6. விடை தெரிந்த தரவை வைத்துச் சோதியுங்கள்

இரண்டு பெயர்கள் கையில் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே தரவை ஓட்டுங்கள். 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய காசெட் 1908-இல் பயன்படுத்திய தரவு இதற்கு மிகப் பொருத்தம். பத்து நோயாளிகள், இரண்டு மருந்துகள், ஒவ்வொன்றிலும் கூடுதலாக எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்ற எண்கள்.

முதல் மருந்து: 0.7, -1.6, -0.2, -1.2, -0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0

இரண்டாம் மருந்து: 1.9, 0.8, 1.1, 0.1, -0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4

முதலில் சராசரி. 0.75, 2.33 என்று வர வேண்டும். வராவிட்டால் தட்டியதில் பிழை. கழித்தல் குறியைப் பாருங்கள். வேறு ஆவணத்திலிருந்து ஒட்டும்போது நீளமான கோடு வந்துவிட்டால் மென்பொருள் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்து இரண்டு குழுக்களையும் தனித்தனி ஆட்களாகக் கருதி டி சோதனை. டி மதிப்பு 1.86 (எதிலிருந்து எதைக் கழிக்கிறது என்பதைப் பொறுத்து எதிர்க்குறி வரலாம்), பி மதிப்பு 0.079. பிறகு அதே எண்களை ஜோடிகளாக, அதாவது ஒரே ஆளின் இரண்டு அளவீடுகளாகக் கொண்டு சோதியுங்கள். டி மதிப்பு 4.06, பி மதிப்பு 0.0028.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எண்கள் அதேதான், மென்பொருளும் அதேதான். ஒரு சொடுக்கில் 'வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது' என்பது 'தெளிவாக இருக்கிறது' என்று மாறிவிட்டது. ஆட்களுக்கிடையே உள்ள பெரிய ஏற்ற இறக்கத்தை ஜோடிச் சோதனை கழித்துவிடுகிறது. அதனால்தான் இந்த மாற்றம். எது சரி என்பதை மென்பொருள் சொல்லாது. பத்துப் பேரும் இரண்டு மருந்தையும் எடுத்தவர்கள் என்று தெரிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த நேரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜோடிச் சோதனைக்குச் சில மென்பொருட்களில் இரண்டு மருந்துகளும் இரண்டு நெடுவரிசைகளாக இருக்க வேண்டும். வேறு சிலவற்றில் மருந்து என்ற மாறி ஒரு நெடுவரிசையாக இருக்க வேண்டும். இந்த வடிவ மாற்றத்தை எவ்வளவு சிரமமில்லாமல் செய்ய முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலையில் நேரம் போவது இதில்தான்.

கடைசியாக உங்கள் மாதிரித் தரவை இரண்டிலும் ஓட்டுங்கள். பட்டியலில் 'கண்டிப்பாக' என்று எழுதிய மிகக் கடினமான பகுப்பாய்வை முதலில் முயலுங்கள். எளியது எதிலும் ஓடும்.

7. விடைகள் ஒத்துவராவிட்டால் முன்னிருப்பு அமைப்புகளைப் பாருங்கள்

இரண்டு மென்பொருள் இரண்டு விடை தந்தால் ஒன்று கெட்டுப்போயிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் சரி. அவை வேறுவேறு கணக்குகளைப் போட்டிருக்கின்றன.

தூக்கத் தரவின் முதல் மருந்துக்குத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) பாருங்கள். ஆரிலும் எஸ்.பி.எஸ்.எஸ்-ஸிலும் 1.79 வரும். பைத்தானின் எண் கணக்குத் தொகுப்பான நம்பையில் அப்படியே கேட்டால் 1.70 வரும், ஏனென்றால் அது முன்னிருப்பாக 9-க்குப் பதில் 10-ஆல் வகுக்கிறது. அதே பைத்தானில் பாண்டாஸ் 1.79 தரும். ஒரே ஸ்கிரிப்ட்டில் இரண்டையும் கலந்தால் அட்டவணையில் ஒரு எண், வரைபடத்தில் ஒரு எண் என்று ஆகிவிடும்.

முதல் கால்மானத்தையும் (வரிசைப்படுத்திய எண்களில் கால் பங்கு அதற்குக் கீழே இருக்கும் மதிப்பு) கேளுங்கள். ஆர் -0.175 என்கிறது, எஸ்.பி.எஸ்.எஸ் -0.45 என்கிறது. மூன்றாம் கால்மானம் ஒன்றில் 1.70, மற்றதில் 2.35. இரண்டு மதிப்புகளுக்கு இடையே கால்மானம் விழும்போது எப்படி இடைப்பட்ட எண்ணைக் காண்பது என்பதில் பல முறைகள் உண்டு. எக்செலில் இரண்டு முறைகளுக்கும் இரண்டு தனிச் சூத்திரங்களே இருக்கின்றன. மாதிரி பெரிதானால் வேறுபாடு மறைந்துவிடும். பத்துப் பேர் உள்ள ஆய்வில் பெட்டி வரைபடத்தின் பெட்டியே வேறு அளவில் நிற்கும்.

டி சோதனையில் ஆர் முன்னிருப்பாக வெல்ச் முறையை (இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று கொள்ளாத முறை) போடும், எஸ்.பி.எஸ்.எஸ் சிதறல் சமம் என்று கொள்வது, கொள்ளாதது என்ற இரண்டையும் இரண்டு வரிசைகளில் காட்டும். எதை எடுத்தீர்கள் என்று கட்டுரையில் எழுதுங்கள்.

இவற்றில் மிகவும் சிக்கலானது இரண்டு காரணிகள் கொண்ட அனோவா. குழுக்களின் எண்ணிக்கை சமமாக இல்லாதபோது வர்க்கக் கூட்டுத்தொகையை, அதாவது மொத்த ஏற்ற இறக்கத்தை, காரணிகளுக்குப் பிரிப்பதில் வகை 1, 2, 3 என்று மூன்று உண்டு. ஆரின் அடிப்படை அனோவா வகை 1: காரணிகளை எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். எஸ்.பி.எஸ்.எஸ், ஜமோவி இரண்டும் வகை 3. ஆரில் வகை 3 வேண்டுமானால் 'கார்' தொகுப்பை எடுத்து, காரணிகளின் ஒப்பீட்டுக் குறியீட்டையும் 'சம்' வகைக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டாம் பாதியை மறந்தால் வகை 3 என்ற பெயரில் பொருளற்ற எண்கள் வரும், எச்சரிக்கையே இல்லாமல். எல்லாக் குழுவிலும் எண்ணிக்கை சமம் என்றால் மூன்று வகையும் ஒரே விடைதான். தொட்டிச் செடிகள் சாகாமல் பார்த்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

8. வரைபடத்தை அச்சின் அளவில் எடுத்துப் பாருங்கள்

திரையில் அழகாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆய்விதழின் குறிப்பில் உள்ள அளவில் ஒரு வரைபடத்தை ஏற்றுமதி செய்து, தாளில் அச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படியுங்கள்.

நேச்சர் இதழில் ஒரு பத்தி அகலம் 89 மி.மீ, இரண்டு பத்தி 183 மி.மீ. எல்செவியர் பதிப்பகத்தின் இதழ்கள் 90, 140, 190 மி.மீ என்று கேட்கும். 90 மி.மீ அகலக் கோட்டுப் படத்தை 1000 டி.பி.ஐ-யில் (அங்குலத்துக்கு 1000 புள்ளிகள்) கேட்டால் 3543 பிக்சல் வேண்டும். திரையிலிருந்து வெட்டி எடுத்த படத்தை இழுத்துப் பெரிதாக்கி இதை அடைய முடியாது. அகலத்தை மி.மீ-யில் முதலிலேயே கொடுத்து, எழுத்தளவை அதற்கேற்ப வைத்து வரையும் மென்பொருள்தான் உங்களுக்கு வேண்டியது. முதலில் பெரிதாக வரைந்து பின் சுருக்கினால் எக்ஸ், ஒய் அச்சுகளில் உள்ள எண்கள் எறும்பு அளவுக்குப் போய்விடும்.

பி.டி.எஃப், எஸ்.வி.ஜி, இ.பி.எஸ் போன்ற வெக்டர் வடிவங்களில் ஏற்றுமதி செய்ய முடிகிறதா என்று பாருங்கள்; எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. டிஃப் மட்டுமே கேட்கும் இதழ்களும் உண்டு, ஆகவே இரண்டும் வேண்டும். கோட்டுப் படத்தை ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தெரியும்.

அடுத்து, தனித்தனிப் புள்ளிகளைக் காட்ட முடிகிறதா என்பது. குழுவுக்கு ஐந்து எலிகள் மட்டும் இருக்கும்போது பட்டையும் அதன் மேல் ஒரு பிழைக்கோடும் போட்டால், ஐந்தும் சேர்ந்து நின்றனவா, நான்கு கீழேயும் ஒன்று உச்சியிலும் நின்றதா என்று படிப்பவருக்குத் தெரியாது. ஐந்து புள்ளிகளையும் போட்டுவிடுங்கள். இதைச் சிரமமில்லாமல் செய்யாத மென்பொருளை நான் ஒதுக்கிவிடுவேன்.

பிழைக்கோடு என்ன என்று படத்தின் கீழ் எழுதுங்கள். திட்ட விலக்கம் 6, எண்ணிக்கை 9 என்றால் திட்டப் பிழை (திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது) 2. அதே தரவுக்குக் கோடு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. சிறியதாகத் தெரிகிறது என்பதற்காகத் திட்டப் பிழையைத் தேர்ந்தெடுப்பது படிப்பவருக்குச் செய்யும் துரோகம். எக்செலில் பிழைக்கோடு போடுகிறவர்கள் 'கஸ்டம்' என்பதில் உங்கள் மதிப்புகளையே கொடுங்கள். பட்டியலில் உள்ள ஆயத்தத் தேர்வு உங்கள் ஒவ்வொரு குழுவின் திட்டப் பிழையையும் தனியாகக் கணக்கிடாது.

சிவப்பும் பச்சையும் அருகருகே வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். ஆரிலும் பைத்தானிலும் விரிடிஸ் என்ற நிறத்தொகுப்பு தயாராக இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் அதன் வரிசை தெரியும்.

9. தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் செய்ய வேண்டிய கூடுதல் சோதனை

வரைபடத்தின் எக்ஸ், ஒய் அச்சுத் தலைப்பில் 'கொழுப்பு', 'நெல் விளைச்சல்' என்று இரண்டு சொற்களைத் தட்டி, பி.டி.எஃப் ஆக ஏற்றுமதி செய்து பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, துணைக்கால் தனியே விலகினாலோ அந்தத் தடம் உங்களுக்கு ஆகாது. திரையில் சரியாகத் தெரிந்து ஏற்றுமதியில் உடைவதும் உண்டு. மாட்பிளாட்லிப்பின் பல பதிப்புகளில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி இல்லை. ஆரில் 'ராக்' என்ற தொகுப்பு வழியாகப் படம் எடுத்தால் எழுத்துகள் சேர்ந்து வரும். தமிழ் யூனிகோடு எழுத்துருவைத் தெளிவாகக் குறிப்பிடவும் வேண்டும்.

எதிலும் ஒத்துவரவில்லை என்றால் தலைப்பில்லாமல் எஸ்.வி.ஜி எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் தமிழ்த் தலைப்பைச் சேருங்கள். ஆனால் எக்ஸ், ஒய் அச்சுகளின் எண்களைக் கையால் தொடாதீர்கள்.

10. தேர்ந்தெடுத்த அன்றே பதிவு வைக்கத் தொடங்குங்கள்

மென்பொருளின் பதிப்பு எண்ணை முதல் நாளே எழுதி வையுங்கள். பதிப்பு மாறினால் விடை மாறலாம். ஆரின் 3.6.0 பதிப்பில் ரேண்டமாகத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. அதே தேர்வு மறுபடி வரக் கொடுக்கும் தொடக்க எண்ணை (சீட்) அப்படியே கொடுத்தும் பழைய பதிப்பில் வந்த தேர்வு வராது. ஆர் பயனர்கள் ஒவ்வொரு பகுப்பாய்வின் முடிவிலும் 'செஷன் இன்ஃபோ' கட்டளையை ஓட்டி, அது தரும் பட்டியலைச் சேமியுங்கள். ஸ்டேட்டாவில் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பதிப்பைக் குறிப்பிடலாம். பின்னால் வரும் பதிப்புகளும் அதன்படியே நடக்கும்.

சொடுக்கி வேலை செய்கிற மென்பொருள் என்றால் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, எந்தக் கோப்பு, எந்தப் பட்டியல், என்னென்ன தேர்வுகள், எந்த வரிசைகளை ஏன் விலக்கினீர்கள். விலக்கிய காரணத்தை அன்றைக்கே எழுதாவிட்டால் பிறகு நினைவுக்கு வராது, மதிப்பீட்டாளர் அதைத்தான் கேட்பார்.

11. நடுவில் மாற்ற வேண்டி வந்தால்

சில நேரம் மாற்றித்தான் ஆக வேண்டும்: உரிமம் முடிந்துவிடும், புதிய பகுப்பாய்வு தேவைப்படும். பழையது திறக்கும் நாளிலேயே எல்லாத் தரவையும் சி.எஸ்.வி ஆக வெளியே எடுங்கள். மதிப்புகளுக்குக் கொடுத்த பெயர்களை, அதாவது 1 என்றால் ஆண், 2 என்றால் பெண் என்பதைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள், சி.எஸ்.வி-யில் அவை சேராமல் போகலாம். வரைபடங்களை வெக்டர் வடிவில் எடுங்கள்.

பிறகு புதிய மென்பொருளில் ஏற்கெனவே முடித்த ஒரு அட்டவணையை மறுபடி போடுங்கள். வரிசைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு மாறியிலும் விடுபட்டவற்றின் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம், கடைசியாகச் சோதனையின் விடை என்ற வரிசையில் ஒப்பிடுங்கள். எண்ணிக்கையே ஒத்துவராதபோது பி மதிப்பைத் துரத்தி நாளை வீணாக்கியவர்கள் உண்டு. எல்லாம் ஒத்துவந்த பிறகு புதிய பகுப்பாய்வைத் தொடங்குங்கள். பழைய மென்பொருளை அதுவரை கணினியிலிருந்து நீக்காதீர்கள்.